உரிக்காமல் விட்ட தாள்

வீட்டில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கைராசி என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வயதில் ஓடாமல் நின்றுபோன சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினான். அது ஓட ஆரம்பித்துவிட்டது. உண்மையில் பேட்டரியை யாரோ தலைகீழாகப் போட்டிருந்தார்கள். அதைத் திருப்பிப் போட்டதைத் தவிர அவன் வேறெதுவும் செய்யவில்லை. ஆனால் அக்கா, "இவன் கை பட்டாப் போதும், செத்தது எழுந்து உக்காந்துடும்" என்று சொல்லிவிட்டாள். பேட்டரி விஷயத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. முன்னறையில் ஒரு அம்மா கண்ணைச் சோதித்து எண் எழுதித் தருவார். இவன் அந்த எண்ணுக்கான லென்ஸை எடுத்து, ஃப்ரேமின் அளவுக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். புது லென்ஸ் கீறல் விழாமல் இருக்க அதன் மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய தாள் ஒன்று ஒட்டியிருக்கும். பொருத்தி முடித்ததும் அதை நகத்தால் கிளப்பி உரித்து, விளக்குக்கு நேரே பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உறையில் போடுவான். பதினான்கு வருடத்தில் ஒருவர்கூட அவனிடமிருந்து தாளோடு கண்ணாடி வாங்கிப் போனதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"கைராசி, ஞாயித்துக்கிழமை என்ன பண்ற?"

"சும்மாதான்க்கா இருக்கேன்."

"அப்ப வீட்டுக்கு வா. கம்ப்யூட்டருக்கு ப்ராசஸர் மாத்தணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். நீ பாத்துச் சொன்னாச் சரி."

"என்னக்கா திடீர்னு?"

"திடீர்னு இல்ல. திங்கக்கிழமைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

ப்ராசஸருக்கும் திங்கட்கிழமைக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. அக்கா விளக்கம் சொல்கிற ஆளும் இல்லை. சரி என்று வைத்துவிட்டான்.

அக்கா பேருந்து ஓட்டுநர். பதினெட்டு வருட அனுபவம். மலை மேலே போகிற வெளியூர் தடத்தில் வளைவுகளை ஒடித்து ஒடித்து ஓட்டியவள். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டு அவள் உட்காரும் இடம் கம்ப்யூட்டர். அதில் அவள் விளையாடுவதும் லாரி ஓட்டுகிற விளையாட்டுதான். சின்ன ஸ்டீயரிங், காலுக்குக் கீழே பெடல்கள், எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். வெவ்வேறு ஊர்களிலிருந்து ஐந்தாறு பேர் சேர்ந்து வரிசையாக லாரி ஓட்டிப் போவார்கள். பெயின்டர் வேலை பார்க்கும் மாமா, அதாவது அக்காவின் கணவர், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "பகலெல்லாம் பஸ் ஓட்டுறா, வீட்டுக்கு வந்து லாரி ஓட்டுறா. நான் என்னைக்காவது சுவத்துக்கு அடிச்சிட்டு வந்து வீட்ல படத்துல இருக்கிற சுவத்துக்கும் அடிச்சிருக்கேனா?"

அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொடுத்தது கைராசிதான். மூன்று வருடத்துக்கு முன்னால், பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வந்து, ஹாலில் போர்வை விரித்து, வீடே சுற்றி உட்கார்ந்திருக்க ஒவ்வொன்றாக மாட்டினான். மாட்டியதைவிடப் பேசியது அதிகம். ப்ராசஸரை இரண்டு விரலால் தூக்கி, "இதுதான் மூளை" என்றான். அதன் மேல் உட்காரும் உலோகக் கட்டியையும் விசிறியையும் தூக்கி, கட்டியின் அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டினான்.

"பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு? மூளையோட சூட்டை இழுத்து வெளிய தள்றது இதுதான். இது ஒழுங்கா உக்காரலேன்னா மொத்தமும் போச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். இவன் சூடு கடத்தும் பசையை ப்ராசஸர் மேல் தடவி, கட்டியை மேலே வைத்து, நான்கு திருகாணிகளையும் முறுக்கினான். கம்ப்யூட்டர் முதல் முறையே உயிர் பெற்றது. மாமா கை தட்டினார். ஆனால் விசிறி ஹோவென்று இரைந்தது.

"என்னடா இது, பிளேன் கிளம்புற மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா.

"சக்தி உள்ள மெஷின்னா சத்தம் போடத்தான்க்கா செய்யும். சைக்கிளா சத்தம் போடும்?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் கம்ப்யூட்டருக்கு பிளேன் என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கடையிலிருந்து எடுத்த லென்ஸ் துடைக்கும் துணியும் ஒரு குழாய் பசையும் திருகாணி முடுக்கியுமாகப் போய்ச் சேர்ந்தான். மாமா செய்தித்தாளில் இருந்தார். அக்கா டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது.

"ஆறு மாசம் முன்னாடி நீ வந்து ஓட்டிப் பாத்தியே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

அவனுக்கு மங்கலாக ஞாபகம் இருந்தது. ஊருக்குள்ளே நுழையும் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் லாரி அரை நொடி கழித்துத்தான் திரும்புகிறது, சுவரில் முட்டுகிறது என்று அக்கா சொன்னாள். இவன் உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி ஓடியது.

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"எனக்கு ஒழுங்கா ஓடுதேக்கா, நாப்பத்தஞ்சு ஆகுதுல்ல, கை கொஞ்சம் மெதுவாத்தான் வரும்னு சொன்ன."

"அது சும்மா கிண்டலுக்குச் சொன்னதுக்கா."

"நீ கிண்டலுக்குத்தான் சொன்ன. நான் அப்படி எடுத்துக்கல." அக்கா டீயை ஆற்றினாள். "மறுநாள் மலையேறும்போது ஒவ்வொரு வளைவுலயும் கை லேட்டாகுதோ, லேட்டாகுதோன்னு பாத்துக்கிட்டே போனேன். அப்படிப் பாத்துக்கிட்டு ஓட்டுனா எப்படி ஓடும்? அந்த வாரமே டிப்போல உடம்பு முடியலன்னு எழுதிக் குடுத்துட்டு டவுன் தடத்துக்கு வந்துட்டேன்."

மாமா செய்தித்தாளை இறக்கினார். "முழங்கால் வலின்னுல்ல சொன்ன?"

"முழங்கால் நல்லாத்தான் இருக்கு."

கைராசி டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன் வாய் சும்மா இருக்காது என்று அவன் மனைவி அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது.

அக்கா அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். வருடத்துக்கு ஒரு முறைதான் ஓட்டுநர்கள் தங்களுக்கு வேண்டிய தடத்தை எழுதிக் கொடுக்க முடியும். நாளைக்குக் கடைசி நாள். விட்டால் இன்னும் ஒரு வருடம் டவுனுக்குள் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று நின்று போக வேண்டியதுதான்.

"கூட லாரி ஓட்டுற ஒருத்தர் சொன்னாரு, கோளாறு ப்ராசஸரா இருக்கலாம்னு. அதான் கூப்பிட்டேன். கோளாறு பெட்டியிலயா, என் கையிலயான்னு எனக்குத் தெரியணும். பெட்டியிலன்னா புதுசு மாத்திட்டு இந்தப் படிவத்தைக் குடுத்துடுவேன். நீ பாத்துச் சொல்லு. உன் வாக்குதான்."

சொல்லிவிட்டு, ஈரத்துணிகளைக் காயப்போட மாடிக்குப் போனாள்.

இவன் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். தூசி இருந்தது, ஆனால் அப்படியொன்றும் அதிகமில்லை. புது ப்ராசஸர் உள்ளே இருக்கும் மதர்போர்டில் பொருந்துமா என்று தெரிய, பழையதன் எண்ணைப் பார்க்க வேண்டும். அதற்கு மேலே உள்ள கட்டியைக் கழற்ற வேண்டும். நான்கு திருகாணிகளையும் தளர்த்தி, கட்டியை லேசாகத் திருகித் தூக்கினான். அடிப்பாகத்தைத் திருப்பி, காய்ந்துபோன பசையைத் துணியால் துடைத்தான்.

அடியில் உலோகம் தெரியவில்லை. அதன் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நடுவில் சூட்டில் பழுத்து, சதுரமாகப் பழுப்பேறியிருந்தது. ஓரத்தில் சிவப்பு எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது. பொருத்துவதற்கு முன் இதை உரித்துவிடவும்.

முதலில் அவனுக்கு அது என்னவென்றே விளங்காதது போல இருந்தது. பிறகு சிவப்பு எழுத்தை இன்னொரு தரம் படித்தான். அன்றைக்குப் பளபளவென்று இருக்கிறது பார் என்று எல்லோருக்கும் காட்டியது உலோகத்தை இல்லை, இந்தத் தாளைத்தான். மூன்று வருடமாக ப்ராசஸர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வெயிலில் ஓடியவன் கதையாக இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் ஓடியதும் கொதித்துப்போய், கருகிவிடாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து அக்கா வளைவில் திருப்புவாள். இவன் ஓட்டிப் பார்த்த இரண்டு நிமிடத்தில் அது சூடாகவே இல்லை.

நகத்தால் கிளப்பினான். கடையில் ஒரு நாளைக்கு முப்பது தடவை செய்கிற அதே அசைவு. தாள் சர்ரென்று வந்துவிட்டது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வைக்கலாமா என்று யோசித்ததாக அவனுக்கு நினைவில்லை. கை தானாகவே வைத்துவிட்டது. மாடியில் அக்கா துணி உதறும் சத்தம் கேட்டது.

உலோகத்தைத் துடைத்து, புதிதாகப் பசை தடவி, முறுக்கி, பொத்தானை அழுத்தினான். சத்தமே இல்லை. மாமா எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, பிளேன் கிளம்பலையா? கரண்ட் போயிடுச்சா?"

"கிளம்பிடுச்சு மாமா. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

மாமா காதைப் பெட்டியிடம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். "அடடா, மூச்சு மட்டுந்தான் விடுது."

அக்கா ஈரக் கையோடு வந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் ஓட்டினாள். மழை பெய்கிற நெடுஞ்சாலை, பிறகு ஊர், பிறகு அந்த வளைவு. லாரி நூல் பிடித்தது போல வளைந்து போனது. திரும்பி வந்து இன்னொரு முறை வளைத்தாள். மூன்றாவது முறையும்.

"என்னடா பண்ணின?"

இதுதான் சொல்ல வேண்டிய இடம் என்று அவனுக்குத் தெரிந்தது. தாள் நெஞ்சில் குத்தியது.

"தூசிக்கா. உள்ள தூசி அடைச்சிருந்துச்சு. துடைச்சேன்."

"நான் அப்பவே சொன்னேன்" என்று மாமா ஆரம்பித்தார். "மாசத்துக்கு ஒரு தடவை துடைன்னு தம்பி சொல்லிட்டுப் போச்சு. நீ கேட்டாத்தானே? என் பிரஷ்ஷை நான் தினம் கழுவல?"

"ஆமா. என் மேலதான் தப்பு" என்றாள் அக்கா. "ஒரு துணி எடுத்துத் துடைக்க எனக்கு உடம்பு வணங்கல."

"இவன் கை பட்டதும் பாத்தியா? கைராசின்னா கைராசிதான்."

மாமா முதுகில் தட்டினார். அந்தத் தட்டு அவனுக்கு அடியைவிட மோசமாக இருந்தது. இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தான். மாமா வாயில் விழுந்தால் சொந்தக்காரர் எல்லோருக்கும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கல்யாண வீட்டில் யாராவது, கைராசி, தாளை உரிச்சியா என்று கேட்பார்கள். ஆனால் சொல்லாவிட்டாலும் யாருக்கும் நஷ்டம் இல்லையே. பெட்டி சரியாகிவிட்டது. அக்காவுக்கும் தடம் கிடைத்துவிடும். புது ப்ராசஸரும் வேண்டாம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவனுக்குப் பிடிக்கவில்லை.

சாப்பிட உட்காரும்போது அக்கா அந்தப் படிவத்தை எடுத்தாள். பிரித்து ஒரு தரம் படித்தாள். பிறகு மடித்து, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ஏன்க்கா, எழுதலையா?"

"வேண்டாம். ப்ராசஸரும் வேண்டாம், தடமும் வேண்டாம்."

"பெட்டிதானேக்கா மக்கர் பண்ணுச்சு? இப்பத்தான் நல்லா வளைச்சியே."

"தூசி சேர எத்தனை மாசம் ஆகும்?"

அவன் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தான்.

"நீ கட்டிக் குடுத்த முதல் வாரத்துலேர்ந்தே அந்த வளைவுல நான் முட்டிக்கிட்டுதான் இருக்கேன். அப்ப பெட்டி புத்தம் புதுசு. தூசி ஏது?" அக்கா தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "அப்ப தூசி பாதி, என் கை பாதி. பின்னாடி அம்பது பேரை உக்கார வச்சுக்கிட்டு, பாதி கைய நம்பி மலையேற முடியாது."

"அப்ப விளையாட்டு உனக்குப் புதுசுக்கா. பழக்கம் இல்ல."

"பதினஞ்சு வருஷம் நிஜ வண்டி ஓட்டுன கைக்குப் பழக்கம் இல்லையா? விடு. டவுன் தடமும் தடம்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவன் தலையைக் குனிந்தான். யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய் என்று நினைத்தது, அவன் கண் முன்னாலேயே அக்காவின் மலைப்பாதையைத் தின்றுகொண்டிருந்தது. சோற்றில் கை வைத்தான். பிசையவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. கையைத் தட்டிலேயே உதறிவிட்டு, இடது கையால் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"என்ன இது?"

"உன் கையில ஒண்ணும் இல்லக்கா. தூசியும் இல்ல. இது அந்தக் கட்டிக்கு அடியில ஒட்டியிருந்துச்சு. மாட்டுறதுக்கு முன்னாடி உரிக்கணும். நான் உரிக்கல. பேச்சு மும்முரத்துல மறந்துட்டேன். முதல் நாள்லேர்ந்து இது உள்ளதான் இருந்துச்சு. சூடேறிச் சூடேறி மெஷின் மெதுவாயிடும். நீ சரியான நேரத்துலதான் திருப்பியிருக்க. அதுதான் லேட்டு."

மாமா தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஏதோ கிண்டலாகச் சொல்ல வாய் திறந்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை வைத்துவிட்டார்.

அக்கா சிவப்பு எழுத்தைப் படித்தாள். பழுப்பேறிய சதுரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இதை எப்ப எடுத்த?"

"காலையில. நீ மாடியில இருந்தப்ப."

"நான் முக்கால் மணி நேரம் ஓட்டுனப்ப?"

"பையிலதான் இருந்துச்சு."

"என் மேலதான் தப்புன்னு சொன்னப்ப?"

அவன் தலையாட்டினான்.

அக்கா தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள். "மூணு வருஷம் முன்னாடி மறந்தது மறதி. யாருக்கும் வரும். நானே ஒரு தடவை கைப்பிரேக்கோட வண்டியை எடுத்திருக்கேன். ஆனா இன்னைக்குக் காலையில நீ மறக்கல."

மன்னிச்சிடுக்கா என்றான்.

"சாப்பிடு. ஆறிப்போகுது" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் எழுந்து, கை கழுவி, கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். மாமாவிடம் பேனா வாங்கி நின்றபடியே எழுதினாள். கையெழுத்துப் போடும்போது அவள் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. இவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்காவுக்கு மலைத்தடம் திரும்பக் கிடைத்தது. மாமாதான் போனில் சொன்னார். "இந்த விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லல. உங்க அக்கா சொல்லக் கூடாதுன்னுட்டா. எனக்கு வயிறு உப்பிப்போச்சு" என்றும் சொன்னார். அக்கா தானாகப் போன் செய்யவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. அவன் போன் செய்தால் எடுப்பாள், எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் எப்படி என்று கேட்பாள். கைராசி என்று மட்டும் கூப்பிடவில்லை. தம்பி என்றாள். அது எல்லா அக்காக்களும் சொல்கிற வார்த்தைதான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு உறுத்தியது. கடையில் லென்ஸிலிருந்து தாளை உரிக்கும்போதெல்லாம் அந்தப் பழுப்புச் சதுரம் நினைவுக்கு வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா சீருடையிலேயே கடைக்கு வந்தாள். தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். எட்டு மாதம் முன்னால், கை மெதுவாகிவிட்டது என்று அவன் சொன்ன அதே வாரத்தில் வந்து போட்டுக்கொண்ட கண்ணாடி.

"இதுவும் தேவையில்லாமப் போட்டதா?"

"இல்லக்கா. இது நிஜமாவே வேணும். தூரப்பார்வை கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

"உண்மையா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் இத்தனை வருடத்தில் அவன் சொன்னதற்கு அக்கா இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவன் சொன்னால் அதோடு சரி என்றுதான் இருந்தாள். கையில் பிடித்திருந்த ஃப்ரேமை அவன் கீழே வைத்தான்.

"நான் சொல்ல வேண்டாம்க்கா. அந்தம்மாகிட்ட இன்னொரு தடவை சோதிச்சுப் பாத்துடு."

அக்கா போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடி இல்லாமல் எழுத்துகளைப் படித்தாள். கடைசி வரிக்கு மேல் வரியில் தடுமாறினாள். கண் பார்க்கும் அம்மா எண்ணை எழுதிக் கொடுத்தார். பழைய எண்தான். அக்கா சீட்டைப் படித்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"மலையில வெயில் கண்ணைக் கூசுது. இதே நம்பர்ல கூசாத மாதிரி ஒண்ணு போடு."

அவன் பின்னறைக்குப் போகாமல், லென்ஸை முன்னறைக்கே எடுத்து வந்து அவள் எதிரிலேயே பொருத்தினான். முடித்ததும் ஒரு பக்கத்துத் தாளை உரித்தான். மறுபக்கத்துத் தாளையும் உரித்தான். விளக்குக்கு நேரே பிடித்து, திருப்பி, மறுபடி திருப்பி, அவளிடம் கொடுத்தான்.

அக்கா அதை வாங்கினாள். உடனே போட்டுக்கொள்ளவில்லை. விளக்குக்கு நேரே பிடித்து, இரண்டு லென்ஸையும், இரண்டு பக்கமும், நகத்தால் ஒவ்வொரு விளிம்பாகக் கிளப்பிப் பார்த்தாள். அவள் பார்த்து முடிக்கும்வரை அவன் பேசாமல் நின்றான்.